தூக்குப்போசி எங்கே போயிற்று?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா, நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். வயது 31. பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக எழுதி, 42 அத்தியாயங்களில் ஒரு காதல் நாவலை முடித்திருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் கோகிலாவும், அங்கேயே கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஜெயபாலும் காதலிக்கிறார்கள். இருவருக்கும் ஒரே ஊர். கோகிலா தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண். ஜெயபால் அந்த ஊர்க் காலனியைச் சேர்ந்தவன். கடைசியில் இருவரும் கொல்லப்படுகிறார்கள். இது முழுக்கக் கற்பனை அல்ல. என் சித்தி மகள் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் வீட்டை விட்டுப் போனார். வீட்டில் அவரைத் தலை முழுகிவிட்டார்கள். இப்போது கணவரோடும் மகனோடும் கோவையில் இருப்பதாகக் கேள்வி. நாவலைப் படித்த தோழிகள் எல்லோரும் அழுதார்கள். ஒருத்தி மட்டும், "அழுதேன், ஆனால் மறுநாள் எதுவும் மனதில் நிற்கவில்லை" என்றாள். உணர்ச்சியை மிகையாக்கிவிட்டேனா? நெருக்கமான காட்சிகளை வைத்துக்கொள்ளலாமா? சாதிப் பெயரை எழுதலாமா? என் அம்மா இதைப் படித்தால் என்ன செய்வது? கைப்பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கைப்பிரதியை முதல் முறை வெறும் வாசகியாகப் படித்தேன். இரண்டாம் முறை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய நாவல்களைச் செம்மை செய்துவரும் பதிப்பாசிரியையாக, கையில் பென்சிலோடு படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் மேற்கொண்டு நகர முடியாமல் நின்றுவிட்டேன். 11ஆம் அத்தியாயத்தில் தூக்குப்போசி, அதாவது சாப்பாட்டுத் தூக்கு, வருகிற இடம் அது.

ஷிப்மென்ட் நெருக்கடியில் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்ட கோகிலா மூன்று மணிக்குக் கட்டிங் பகுதிக்கு வருகிறாள். ஜெயபால் தன் தூக்குப்போசியைத் திறக்கிறான். உள்ளே ராகிக்களியும் கீரைக் கடைசலும் இருக்கின்றன. "இது உங்களுக்கு ஒத்து வருமுங்களா?" என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டு, கழுவித் தருகிறேன் என்று போசியை வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். சமையலறையில் அதைப் பார்க்கும் அம்மா, "யாரோடது சாமி இது?" என்று கேட்கிறாள். "கூட வேலை செய்யற பிள்ளையோடதும்மா" என்கிறாள் கோகிலா. அம்மா அதைப் புளி போட்டு மறுபடியும் ஒரு முறை விளக்கி, தன் வீட்டுப் பாத்திரங்களோடு அலமாரியில் கவிழ்த்து வைக்கிறாள். அந்த மூன்று பக்கங்களில் யாரும் அழவில்லை, காதல் என்ற சொல்லும் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் இதுவரை நடக்காத ஒன்று நடந்துவிட்டது என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது.

"அவங்களோட நாம புழங்கறதில்ல" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். புழங்குவது என்பது ஒரு சொம்பில் தண்ணீர் குடிப்பது, ஒரு திண்ணையில் உட்காருவது, ஒருவர் வீட்டுச் சோற்றை இன்னொருவர் உண்பது. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்களில், எல்லைக் கோடு பாத்திரத்தின் விளிம்பிலேயே போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டைக் கோகிலா 11ஆம் அத்தியாயத்தில் தாண்டிவிடுகிறாள். 19ஆம் அத்தியாயத்து முத்தம் அதற்குப் பிறகு வருகிற செய்திதான். ஆகவே நெருக்கமான காட்சிகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் விடை இது: இருக்கிற ஐந்து காட்சிகளில், அவிநாசி சாலை ஓரத்து வாடகை அறையில் இருவரும் முதன்முதலாகத் தனித்திருக்கும் காட்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோகிலாவுக்கு அச்சமும் விருப்பமும் சேர்ந்தே வருகின்றன, அதை உண்மையாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற நான்கும் அந்த ஒன்றின் நகல்கள். கூச்சத்துக்காக நீக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரே கதவை ஐந்து முறை திறந்து காட்டினால் ஆறாம் முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எனக்குப் புரியாத ஒன்று உண்டு. 12ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு அந்தத் தூக்குப்போசி எங்கே போயிற்று? கடைசி வரை தேடிப் பார்த்தேன், அது திரும்பி வரவே இல்லை. நம் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துத்தான் கலியாண வீடுகளில் யார் பாத்திரம் எது என்று பிரிப்போம். ஜெயபாலின் தாய்க்கு எஸ்தர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்தப் போசியில் "எஸ்தர்" என்று வெட்டியிருக்காதா? புளி போட்டு விளக்கிய அம்மாவின் விரலுக்கு அது தட்டுப்பட்டிருக்காதா? தட்டுப்பட்டும் அவள் ஒன்றும் கேட்காமல் அலமாரியில் வைத்தாள் என்றால், உங்கள் நாவல் அந்த இடத்திலிருந்து வேறு நாவலாகிவிடுகிறது. தெரியாமல் ஏமாந்த தாயாக நீங்கள் எழுதியிருக்கும் அம்மா, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் அடுப்படியில் நின்ற தாயாகிறாள். அவள் ஏன் மூடிக்கொண்டாள் என்பதற்கு என்னால் விடை சொல்ல முடியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கைப்பிரதியில் கண்ணீர் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன்; 83 முறை வருகிறது. உள்ளம் நொறுங்குவதும் இதயம் வெடிப்பதும் தனிக் கணக்கு. உணர்ச்சி மிகுந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், இந்தக் கதைக்கு இன்னும் கூட வேண்டும். அது வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை என்பதே குறை. தடுக்கப்பட்ட காதலின் உக்கிரம், காதலர் இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதை மட்டும் பொறுத்ததாக இருந்தால், தடையே இல்லாத காதல் கதைக்கும் இதற்கும் வேறுபாடு இராது. தடுக்கிறவரையும் அந்தப் பெண் விரும்புகிறாள் என்பதுதான் இங்கே நெஞ்சை அறுக்கிறது. கோகிலாவின் அப்பாவை 4ஆம் அத்தியாயத்தில் அழகாக எழுதியிருக்கிறீர்கள்: இரவு பத்து மணிக்குக் கம்பெனி வேன் வந்து நிற்கும் முக்கில், ஒரு நாள் தவறாமல் டார்ச் விளக்கோடு மகளுக்காகக் காத்திருக்கிற மனிதர். 28ஆம் அத்தியாயத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய திரைப்பட வில்லனாக வந்து நிற்கிறார். அந்த முக்கில் நின்றவர் எங்கே போனார்? காலனிப் பையனோடு மகளைப் பார்த்துவிட்ட அன்று இரவும் அவர் அதே விளக்கோடு வந்து நிற்க வேண்டும். வீடு வரை ஒரு சொல்லும் பேசாமல் அவளுக்கு முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த நடைக்குப் பிறகு கோகிலாவின் கண்ணில் கண்ணீர் வருகிறதா இல்லையா என்பதை நீங்கள் எழுதவே தேவையில்லை.

உங்கள் வட்டாரப் பேச்சை வைத்திருக்கிறீர்கள், ஆனால் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மா மகளைச் "சாமி" என்று அழைக்கிறாள். அது கொங்கு வீட்டுக் கொஞ்சல். அதே கோகிலாவை, அவள் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, ஜெயபாலின் அப்பாவும் "சாமி" என்றுதான் அழைத்திருப்பார். அது பயத்தில் வந்த பணிவு. இரண்டு வாயிலிருந்தும் ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்த பெண், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்றைக்குத் தனக்கு உறைத்தது என்று எண்ணிப் பார்க்கும் காட்சி ஒன்று உங்கள் நாவலுக்குக் கட்டாயம் வேண்டும். அறுபது வயதான அந்த மனிதரைக் கோகிலாவின் தம்பி "டேய்" என்கிறானா, "வாய்யா" என்கிறானா? கோகிலா முதன்முதலாக அவரிடம் "உக்காருங்க" என்று சொல்லும்போது, அவர் எங்கே உட்காருவார்? கம்பெனியில் ஜெயபால் அவளிடம் பேச்சுக்குப் பேச்சு "ங்க" போடுகிறான். மெர்ச்சண்டைசர் என்பதால் போடுகிறானா, தோட்டத்து வீட்டுப் பெண் என்பதால் போடுகிறானா என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அவன் "நீங்க" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு வருகிற நாள், தமிழில் எழுதப்படும் எந்தக் காதல் கதைக்கும் பெரிய நாள். நீங்களோ 15ஆம் அத்தியாயத்தில் "ங்க" என்றும், 16இல் காரணம் எதுவும் இல்லாமல் "நீ" என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

கதையின் நடுப்பகுதி தொய்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். 20 முதல் 30 வரையான அத்தியாயங்களில் இருவரும் சந்திக்கிறார்கள், பிரிகிறார்கள், மறுபடி சந்திக்கிறார்கள். சங்க இலக்கியத்துக் காதல் பாடல்களான அகப்பாடல்களின் துறைகளை ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாதீர்கள். ஊராரின் வாய்க்குள் முணுமுணுப்பாக இருப்பது அம்பல், அது வெளியே வந்து பலர் அறியப் பரவுவது அலர். மகளை வெளியே விடாமல் வைப்பது இற்செறிப்பு, பிறர் வந்து பெண் கேட்பது நொதுமலர் வரைவு. உங்கள் ஊரில் இவை இன்றும் அப்படியே நடக்கின்றன. பால் ஊற்றும் சொசைட்டியில் பேச்சு நிற்கிறது. பிறகு யாரோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள், செல்போனை வாங்கி வைக்கிறார்கள். பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எல்லாவற்றையும்விட, மறைவான காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றலைக் கவனியுங்கள். தலைவி தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவதாக அந்த மரபு ஒரு படிவரிசையை வைத்திருக்கிறது. உண்மை ஒவ்வொரு படியாக ஏறும்போது ஒவ்வொருவரும் எதை மறைத்து எதைச் சொல்கிறார் என்பதே கதை. உங்கள் நாவலில் 27ஆம் அத்தியாயத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அந்த ஒரு நாளைப் பத்து அத்தியாயங்களுக்கு நீட்டுங்கள், தொய்வு தானாக நீங்கிவிடும்.

ஜெயபாலைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. அவன் மிக நல்லவன், கோபமே வராதவன், அவனை யார் என்ன சொன்னாலும் புன்னகைக்கிறான். அவன் மேலுள்ள பரிவினால் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது, ஆனாலும் இது அவனுக்குச் செய்யும் அநீதி. தன் அப்பாவை ஒரு சிறுவன் "டேய்" என்று கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கோபம் வராது என்றால் யார் நம்புவார்? அவன் வீட்டிலும் இந்தக் காதலுக்குத் தடை இருக்கும், அந்தத் தடை வேறு வகையானது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில், ஒரு காதல் திருமணத்தை அடுத்து, நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. அந்தச் செய்தியைக் கேட்ட எஸ்தர் என்ன சொல்வாள்? கோகிலாவின் அப்பா மானம் போய்விடும் என்று தடுக்கிறார். எஸ்தர் தெருவே எரிந்துவிடும் என்று தடுப்பாள். இரண்டையும் "இரு வீட்டாரும் எதிர்த்தனர்" என்று ஒரே வரியில் அடைத்திருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

சாதிப் பெயரை எழுதுவது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரைக் கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். சாதியைக் கற்பனையாக்க வேண்டாம். ஆனால் கதைசொல்லியின் குரலில் "உயர்ந்த சாதி", "தாழ்ந்த சாதி" என்று எட்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாம் போக வேண்டும். உயர்வு தாழ்வு என்பது பாத்திரங்களின் எண்ணமாக இருக்கலாம், எழுதுகிறவரின் அளவுகோலாக இருக்கக் கூடாது. அன்றாடப் பேச்சில் சாதிப் பெயரை யாரும் அவ்வளவு எளிதில் உச்சரிப்பதும் இல்லை. "நம்ம ஆளுங்களா?", "ஊருக்குள்ளயா, வெளியவா?", "உங்களுக்குக் கொலதெய்வம் எதுங்க?" என்று சுற்றி வளைத்தே கேட்கிறார்கள். கோகிலாவின் தோழி வீட்டுக்கு ஜெயபால் போகிற அத்தியாயத்தில், தோழியின் பாட்டி அந்தக் குலதெய்வக் கேள்வியைக் கேட்கட்டும். அவன் பதில் சொல்வதற்குள் தண்ணீர்ச் சொம்பு வருகிறதா, வராதா என்பதை மட்டும் எழுதுங்கள்.

31ஆம் அத்தியாயத்தில் பெரிய பிழை இருக்கிறது. இருவரும் காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, ஒரு மணி நேரத்தில் கணவன் மனைவியாக வெளியே வருகிறார்கள். சட்டத்தில் இது அவ்வளவு எளிதல்ல, அந்தச் சிக்கலே உங்களுக்குக் கிடைத்த புதையல். முதலில் ஜெயபாலின் சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறித்தவரானால் அந்த உரிமை இல்லை. இதனால் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் இருக்கும் குடும்பங்கள் பல. சான்றிதழில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் இருவரும் இந்துக்கள் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ வேறு எவரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ அன்றே மணந்துகொள்ளலாம், பிறகு பதிவு செய்யலாம். அந்தத் திருமணத்துக்கு ஊரறிய விழா தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் தெளிவாக்கியது.

ஆனால் ஜெயபால் கிறித்தவன், தேவாலயத்திலும் மணம் முடிக்க முடியாத நிலை என்றால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் வர வேண்டும். இருவரில் ஒருவராவது முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயரும் முகவரியும் எழுதிய அந்த அறிவிப்பு அலுவலகத்தில் பலர் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். அவர்களுடைய நிலையான முகவரி வேறு மாவட்டம் என்றால், அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போய் அங்கேயும் ஒட்டப்படும். முப்பது நாள் கழித்து, மூன்று சாட்சிகளோடு போனால்தான் திருமணம். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபமாகாது. ஆனால் ஒட்டிய தாளை யார் படிப்பார் என்பதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. திருப்பூரில் கொடுத்த அறிவிப்பின் நகல் ஈரோடு மாவட்டத்துச் சுவரில் முப்பது நாள் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். நிலப் பத்திரம் பதிய வருகிற ஊர்க்காரர் ஒவ்வொருவரும் அந்தச் சுவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். இருவரும் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய், சிரித்துப் பேசி, இரவு நாட்களை எண்ணுகிறார்கள். உங்கள் நாவலில் இதைவிடச் செறிவான முப்பது நாட்கள் இல்லை, அவற்றை நீங்கள் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டீர்கள்.

34ஆம் அத்தியாயத்துக் காவல் நிலையக் காட்சியும் திருத்தம் கேட்கிறது. "காவல் நிலையத்தில் காதல் ஜோடி தஞ்சம்" என்று நாளிதழில் வாரம் தவறாமல் படிக்கிற காலத்துப் பெண் கோகிலா. விருப்பப்படி மணந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், அதற்கெனத் தனிப் பிரிவுகள் அமைக்க வேண்டும் என்று 2018 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதைச் செல்போனில் தேடிப் படித்துவிட்டுத்தான் போவாள். அங்கே ஆய்வாளர் இரு வீட்டாரையும் வரவழைத்துப் பஞ்சாயத்துப் பேசலாம், எழுதி வாங்கலாம், அதெல்லாம் நடக்கக்கூடியதே. ஆனால் ஒன்றும் அறியாதவளாக அவள் கைகட்டி நிற்பது அவளுக்குப் பொருந்தவில்லை.

இப்போது முடிவுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தாமதித்தேன். நீங்கள் எழுதியிருக்கும் கொலை நம் மண்ணில் நடந்திருக்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பகல் வெளிச்சத்தில், பலர் பார்க்க, பொறியியல் மாணவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது. அப்படி நடந்ததைப் பார்த்தவருக்கு, "சிந்திய செந்நீர் அவள் நெற்றியில் குங்குமமாய்ப் பூத்தது" என்ற உங்கள் வரியைப் படிக்க முடியாது. கொலையை அலங்கரிக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். அன்று வெட்டுப்பட்டும் உயிர் பிழைத்த அந்த மாணவரின் மனைவி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், ஆணவக் கொலைகளுக்கு எதிராக மேடைகளில் பேசினார். கொலைக்குப் பிறகும் கதை நடந்துகொண்டுதான் இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார். கணவர் இருக்கிறார், மகன் இருக்கிறான். வீட்டில் தலை முழுகிவிட்டார்கள் என்கிறீர்கள். இழவு விழுந்த வீட்டில் செய்கிற சடங்கு அது. உயிரோடு இருக்கும் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிய குடும்பங்களும் உண்டு. "எங்களைப் பொறுத்தவரை அவள் செத்துவிட்டாள்" என்பது உங்கள் சித்தி வீட்டார் எழுதிய முடிவு. அவர்களை எதிர்த்து மூன்று ஆண்டுகள் நாவல் எழுதிய நீங்களும் அதே முடிவைத்தான் எழுதியிருக்கிறீர்கள். தோழிகள் அழுததும் அதற்காகத்தான், மறுநாள் மறந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். செத்தவர்களுக்காக அழுவது எளிது, அழுது முடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும். கோவையில் வாடகை வீட்டில், பள்ளி விண்ணப்பத்தில் மகனுக்குச் சாதி என்ன எழுதுவது என்று தயங்கி நிற்கிற பெண்ணுக்காக அப்படி அழுது தீர்க்க முடியாது. அவள் தீபாவளிக்கு எங்கே போகிறாள்? அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று யார் மூலம் கேள்விப்படுகிறாள்? கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் அரசு கொடுக்கும் 8 கிராம் தங்க நாணயத்தைத் தாலியாகச் செய்துகொண்டாளா, கஷ்டகாலத்தில் அடகு வைத்தாளா? அவளுக்கும் கணவனுக்கும் சண்டை வரும்போது, "உனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்ற சொல் எப்போதாவது வாயில் வந்துவிட்டதா? வந்திருந்தால், அதற்குப் பிறகு அந்த இரவு அந்த வீட்டில் எப்படிக் கழிந்தது?

இவை உங்கள் அக்காவுக்குத்தான் தெரியும். அவரைத் தேடிப் போங்கள். விவரம் சேகரிக்கப் போக வேண்டாம். முதலில் தங்கையாகப் போங்கள். பிறகு, இப்படி ஒரு நாவல் எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்த அத்தனையையும் நாவலிலிருந்து எடுத்துவிடுங்கள். இது பேரம் பேசக்கூடிய விஷயமல்ல. சரி என்றால், கைப்பிரதியை அவரிடம் கொடுத்து, தன்னை அடையாளம் காட்டக்கூடியவை என்று அவர் சொல்லுகிறவற்றை மாற்றுங்கள். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஓடிப்போன மாதம் ஆகியவற்றை எப்படியும் மாற்றியாக வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்பது அச்சில் வந்துவிடக் கூடாது. உங்கள் பெயர்ப் புகழைவிட அவருடைய பாதுகாப்புப் பெரிது.

புனைபெயரில் எழுதுவதில் தவறு எதுவும் இல்லை. எழுத்தாளர் ஒருவரின் நாவலை எதிர்த்த வழக்கில், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுதும் உரிமையின் பக்கம் நின்றது, அது நமக்குப் பெரிய துணை. ஆனாலும் தீர்ப்பு நீதிமன்றத்தில் கிடைக்கும், நீங்கள் வாழ வேண்டியது ஊரில். இரண்டையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்; நீங்கள் எதை முடிவெடுத்தாலும் அதைக் கோழைத்தனம் என்று நான் கருத மாட்டேன். அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் படித்துவிடுவாரே என்று அஞ்சி எழுதியதால்தான் நாவலில் வரும் அம்மா ஒன்றும் தெரியாதவளாக, குற்றமற்றவளாக, வெறுமையாக இருக்கிறாள். மகள் போன பிறகு அந்தத் தாய் என்ன ஆனாள் என்று ஒரு பத்திகூட இல்லை. காதலனோடு வீட்டை விட்டுப் போகும் உடன்போக்கில் மகளைப் பறிகொடுத்த தாயின் புலம்பலுக்கு நம் பழைய கவிகள் தனித் துறையே வகுத்து வைத்தார்கள்; நீங்கள் அவளுக்கு ஓர் அத்தியாயமாவது கொடுக்க வேண்டாமா? அதை உங்கள் அம்மா படிப்பார் என்றே எண்ணி எழுதுங்கள்.

முழு நாவலையும் இப்போது மாற்றி எழுத வேண்டாம். 31ஆம் அத்தியாயத்தை முப்பது நாட்களாக விரித்து முதலில் அனுப்புங்கள். அடுத்து, கோகிலா போன மறுநாள் காலை அவளுடைய அம்மா சமையலறைக்குள் வருவதை எழுதுங்கள். அலமாரியில் எஸ்தர் என்று பெயர் வெட்டிய தூக்குப்போசி கவிழ்த்து வைத்தபடியே இருக்கிறது. வீட்டில் ஆண்கள் நாலா பக்கமும் தேடப் போயிருக்கிறார்கள், அடுப்பு மூட்டவில்லை. அவள் அதைக் கையில் எடுக்கிறாள். அதற்குப் பிறகு அவள் செய்வதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பதிப்பாசிரியை